நட்ட முடி கொட்டுகிறதே என்று பயப்படுகிறவருக்கு: எந்த மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. வேலை புனலூரில், தினமும் புளியரை தாண்டி பைக்கில் போய்வருகிறார். ஆனிக் கடைசியில் கேரளத்தில் ஒரு கிளினிக்கில் எஃப்.யு.இ முறையில், அதாவது பின்தலை முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து வழுக்கையில் நடும் முறையில், 2400 கிராஃப்ட் வைத்துக்கொண்டார். இன்று 26ஆம் நாள். தலையணையில், துண்டில், குளியலறைத் தரையில் என்று நட்ட முடி கொட்டுகிறது. "போட்ட காசு போச்சா? முளைக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குற்றாலத்தில் சீசன், நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், குளிக்கலாமா? அம்மா காய்ச்சிய எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். கார்த்திகையில் மாலை போடுவேன், இருமுடியைத் தலையில் ஏற்றலாமா?" இவ்வளவும் அவர் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. ஒரு தோல் மருத்துவரிடம் முடி நடும் அறையில் டெக்னீஷியனாகப் பல வருடம் இருந்தவன். நட்டுக்கொண்டவர்களை ஒரு வருடம் வரை வரவழைத்து போட்டோ எடுத்து ஒப்பிட்டு வைப்பதும் என் வேலையாகத்தான் இருந்தது. அந்த அளவில் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

காசு போகவில்லை தம்பி. 26ஆம் நாளில் கொட்டுவது கொட்ட வேண்டிய முடிதான். கிராஃப்ட் என்பது வெளியே தெரியும் முடி இல்லை, தோலுக்குள் இருக்கும் வேர்ப்பை. பின்தலையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோ உள்ள ஊசிக்குழாயால் எடுத்து, சில மணி நேரம் ரத்த ஓட்டம் இல்லாமல் வெளியே வைத்து, வேறிடத்தில் செருகியிருக்கிறோம். அந்த அதிர்ச்சியில் வேர்ப்பை தன் பழைய முடியைக் கைவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் இது நடக்கும். நீங்கள் தினமும் போகிற ஆரியங்காவு, தென்மலைப் பாதையில் ரப்பர் மரங்கள் தை, மாசியில் இலை முழுக்க உதிர்த்து நிற்குமே, அப்போது மரம் பட்டுப்போய்விட்டதாக யாரும் நினைப்பதில்லை. அப்படித்தான் இதுவும். சிலருக்கு முழுக்கக் கொட்டும், சிலருக்குப் பாதி நின்று அப்படியே வளரும். எப்படிக் கொட்டினது என்பதை வைத்து எப்படி முளைக்கும் என்று சொல்ல முடியாது.

கொட்டின முடியை எடுத்துப் பார்த்து, நுனியில் வெள்ளையாக ஒரு முண்டு இருக்கிறதே, வேரோடு வந்துவிட்டதே என்று அலறுகிறவர்கள் உண்டு. ஓய்வுக்குப் போன எந்த முடியும் அப்படித்தான் விழும். சாதாரணமாகச் சீப்பில் வருகிற முடியிலும் அதே முண்டு இருக்கும். கிராஃப்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரத்தம் வரும். அதுவும் முதல் சில நாட்களில்தான் சாத்தியம். 2006இல் பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இதையே சோதித்து எழுதினார்கள். நட்ட முதல் இரண்டு நாளில் முடியை இழுத்தால் கிராஃப்ட் வந்துவிடுகிறது. ஒட்டியிருக்கும் பொருக்கைப் பிய்த்தாலும் கூடவே வருகிறது. நாள் ஆக ஆக அந்த ஆபத்து குறைந்து, ஒன்பதாம் நாளில் எப்படி இழுத்தாலும் வரவில்லை. நீங்கள் 26ஆம் நாளில் இருக்கிறீர்கள். துண்டால் துடைத்ததிலும் தலையணையில் புரண்டதிலும் எதுவும் போயிருக்காது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நட்ட முடியோடு ஏற்கெனவே அங்கே இருந்த உங்கள் சொந்த முடியும் சில மாதம் கொட்டலாம். ஷாக் லாஸ் என்பார்கள். பின்தலையில் எடுத்த இடத்தைச் சுற்றியும் திட்டாக மெலிந்து தெரியலாம். நல்ல தடிமனோடு இருந்த முடி திரும்ப வந்துவிடும். பூனை ரோமம் மாதிரி ஆகிவிட்டிருந்த முடி வராமலும் போகலாம். முடி உதிர்வுக்குக் கொடுக்கும் மினாக்சிடில் மருந்தை மறுபடி ஆரம்பித்திருந்தால் அதுவும் முதல் சில வாரங்களில் கொஞ்சம் உதிர்க்கும். ஆக இந்த மாதம் உங்கள் தலையில் மூன்று காரணத்தால் முடி கொட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணிப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, எப்போதுதான் தெரியும்? தமிழ் மாதக் கணக்கிலேயே சொல்கிறேன், உங்களுக்கு வசதி. ஆடி, ஆவணி முழுக்க இறங்குமுகம். ஓணத்துக்கு ஆபீஸில் எல்லோரும் வேட்டி கட்டி குரூப் போட்டோ எடுப்பார்கள், அந்தப் படத்தில் உங்கள் தலை ஆபரேஷனுக்கு முன்பிருந்ததைவிட மோசமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அழுதுகொண்டு வந்த போன் எல்லாமே இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் வந்தவைதான். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் முதல் முளை தெரியும். மெல்லிசாக, நிறம் வெளிறி, சில சமயம் சுருண்டு வரும். எல்லாம் ஒரே நாளில் வராது, இங்கே பத்து, அங்கே நான்கு என்று வரும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஆகவே தீபாவளிக்கு முளைத்தது கண்ணாடியில் ஒரு உருவமாகத் தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகும். மார்கழி, தை வாக்கில், அதாவது ஆறாவது மாதத்தில், வரப்போவதில் ஏறக்குறைய பாதி வந்திருக்கும். பங்குனியில் பெரும்பகுதி. அடுத்த ஆனி வரை தடிமன் ஏறிக்கொண்டே போகும், ஆரம்பத்தில் சுருண்டு வந்ததும் நேராகும். உச்சியில் நட்டிருந்தால் இன்னும் மெதுவு. 15 முதல் 18 மாதம் வரைகூட இழுக்கும்.

நான்காவது மாதம் முடியும்வரை "முளைக்கவில்லை" என்று யாரும் முடிவு கட்ட முடியாது, உங்கள் டாக்டரும்தான். ஆறாவது மாதத்தில் ஒன்றுமே இல்லை என்றால் கேள்வி கேட்க ஆரம்பிக்கலாம். முழுத் தீர்ப்பு ஒரு வருடம் கழித்துத்தான்.

இனி கணக்கு வைப்பது. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. தெரிவதெல்லாம் வெளிச்சத்தின் மாற்றம். குளியலறையில் தலைக்கு நேர் மேலே எல்.இ.டி பல்பு இருக்கும் வீட்டில் நல்ல முடி உள்ளவனுக்கே தலைத்தோல் பளிச்சென்று தெரியும். செங்கோட்டையில் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போது சாரல், வானம் மூடி வெளிச்சம் மங்கலாகப் பரவி இருக்கும். அந்த வெளிச்சத்தில் மெலிந்த முடியும் அடர்த்தியாகவே தெரியும். பங்குனி வெயிலில் எடுத்தால் இருக்கிற முடியும் மெலிந்து காட்டும். ஜன்னலோரம் எடுத்தீர்கள் என்றால் எட்டு மாத வளர்ச்சியையும் வெயில் விழுங்கிவிடும். அதனால் ராத்திரி, ஜன்னலைச் சாத்திவிட்டு, வீட்டில் ஒரே அறையில், ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே எடுங்கள். நிற்கிற இடத்தில் தரையில் சாக்பீஸாலோ டேப்பாலோ ஒரு அடையாளம் வையுங்கள். அந்த லைட்டை மட்டும் ஒரு வருடத்துக்கு மாற்ற விடாதீர்கள்.

செல்ஃபி வேண்டாம். முன் கேமரா நெற்றியை அகலமாக்கும், பல போன்களில் கேட்காமலே முகத்தை மெழுகிவிடும். தம்பியையோ நண்பனையோ பின் கேமராவில், இரண்டு அடி தள்ளி நின்று, 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். நேர் முகம், குனிந்து முன்தலை, இரண்டு பக்கவாட்டு, உச்சி, பின்தலை என்று ஆறு படம் போதும். முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெயோ ஜெல்லோ கூடாது, பின்னுக்கு வாரியிருக்க வேண்டும். ஏழாவதாகத் தலையை நனைத்துச் சீவி ஒன்று எடுங்கள். அதைப் பார்க்க உங்களுக்கே பிடிக்காது, ஆனால் பொய் சொல்லாத படம் அதுதான். முன்தலையில் ஒரு சின்ன ஸ்கேலை ஒட்டி வைத்து ஒரு குளோசப்பும் எடுத்தால் முளையின் நீளத்தை அளக்கலாம். 2 சென்டிமீட்டர் இருந்தால் அது முளைத்து இரண்டு மாதம் ஆகிறது என்று அர்த்தம். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கேயே விட்டுவிடாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். தனி ஃபோல்டரில் தேதியோடு போடுங்கள், கடைசியாக முடி வெட்டிய தேதியையும் எழுதுங்கள். நீளமான முடி எப்போதும் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் அந்தத் தேதி முக்கியம்.

மாதம் ஒருமுறை எடுங்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது நான்கு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டாம் மாதங்களில் மட்டும் போதும். பக்கத்து மாதப் படங்களை ஒப்பிடாதீர்கள், முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். இதற்கு நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்பும், நட்டு முடித்தவுடனும் கிளினிக்கில் எடுத்த படங்களை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கமாக நட்டார்கள் என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் கம்ப்யூட்டர் மாற்றிவிட்டோம் என்பார்கள். முடியை எண்ணி மதிப்பெண் போடும் செயலிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வெளிச்சம் மாறினால் மதிப்பெண்ணும் மாறுகிறது. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

கார்த்திகைக் கணக்கில் ஒரு நுணுக்கம். மாலை போட்டால் முடியும் தாடியும் வெட்ட மாட்டீர்கள். மலைக்குப் போய்வரும்போது நீண்ட முடியில் எல்லாமே பிரமாதமாகத் தெரியும், வந்து முடி வெட்டியதும் எல்லாம் போய்விட்ட மாதிரி இருக்கும். இரண்டும் உண்மை இல்லை. மாலை போடும் முன் ஒரு செட் படம் எடுத்துவிடுங்கள், அடுத்தது திரும்பி வந்து முடி வெட்டிய பிறகு.

இருமுடி ஏற்றலாம், தாராளமாக. அப்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும், நெய்த்தேங்காயும் அரிசியும் சேர்ந்த பாரத்துக்கு வேர் அசையாது. எப்போதும் போல ஒரு துண்டை மடித்து அடியில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இன்னும் மரத்த மாதிரி இருந்தால், உரசிப் புண்ணானாலும் தெரியாது என்பதால் இறக்கும்போதெல்லாம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். விரதத்தில் காலையும் மாலையும் தலைக்குக் குளிப்பதிலும் பம்பையில் முங்குவதிலும் தப்பில்லை.

குற்றாலம்தான் யோசிக்க வேண்டியது. ஒரு மாதம் ஆனபின் நீரின் விசையால் கிராஃப்ட் பிய்ந்து வராது. ஆனால் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. புதுத் தோல் இன்னும் சிவந்து, உணர்ச்சி குறைந்து இருக்கிறது. கூட்டத்தில் யாரோ தள்ளிப் பாறையில் இடித்தால் உடனே தெரியாது. எண்ணெய் தேய்த்து விடுபவர்களின் கைக்கு இந்தத் தலையைக் கொடுக்கவே கூடாது. என் அபிப்பிராயம்: இன்னும் ஒரு வாரம் போகட்டும், அப்புறம் போங்கள், தோளையும் முதுகையும் காட்டுங்கள், தலையை நேராகக் கொடுப்பது அடுத்த சீசனுக்கு. குளித்தே தீர வேண்டும் என்றால் புலியருவி போல இதமாக விழுகிற இடத்தில் கையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். வீட்டில் ஷவர் இப்போது சாதாரணமாகவே பயன்படுத்தலாம்.

ஹெல்மெட் 26ஆம் நாளில் போடலாம், போட்டே ஆக வேண்டும். கிராஃப்டைக் காப்பாற்றுகிறேன் என்று எஸ் வளைவில் வெறும் தலையோடு வண்டி ஓட்டாதீர்கள். முன்னிருந்து பின்னாக இழுத்து மாட்டாமல், இரண்டு பக்கமும் விரித்து மேலிருந்து இறக்குங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று. இனிமேல் நட்டுக்கொள்ளப் போகிற செங்கோட்டைக்காரர்கள் முதல் இரண்டு வாரம் பைக்கை வீட்டில் விட்டு, கொல்லம் லைன் ரயிலில் போய்விடுவது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவின் மனதைப் புண்படுத்த வேண்டாம், ஆனால் சொல்லிப் புரியவைக்கத்தான் வேண்டும். எந்த எண்ணெயும் நட்ட முடியை முளைக்க வைக்காது. பொருக்கெல்லாம் விழுந்திருந்தால் வாரம் ஒருநாள் வெறும் தேங்காயெண்ணெயைக் கொஞ்சமாகத் தடவி அலசிவிடலாம். மூலிகை போட்டுக் காய்ச்சிய கெட்டி எண்ணெயை நான்கு மாதம் தள்ளி வையுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து புது முடி தோலைத் துளைத்து வெளியே வரும்போது பரு மாதிரி கொப்புளங்கள் வருவது சகஜம், துவாரம் எண்ணெயில் அடைந்தால் அது அதிகமாகும். ஒன்றிரண்டு பரு முளைப்புக்கு அறிகுறி, சந்தோஷப்படுங்கள். கிள்ளாதீர்கள், வெதுவெதுப்பான துணி ஒத்தடம் போதும். வெங்காயச் சாறு, எலுமிச்சை எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இனி யாரும் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். நட்ட முடி பின்தலையிலிருந்து வந்தது. இடம் மாறினாலும் பின்தலை முடியின் குணத்தோடுதான் இருக்கும், வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் அசையாது. நியூயார்க்கின் தோல் மருத்துவர் ஆரன்ட்ரைக் 1959இல் எழுதிய கட்டுரையில் காட்டியது அது; இந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் நட்டதற்கு நடுவிலும் பின்னாலும் இருக்கும் உங்கள் சொந்த முடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 31 வயதில் வழுக்கை நின்றுவிடுவதும் கிடையாது. ஐந்து வருடம் கழித்து முன்னால் நட்ட முடி நிற்க, அதற்குப் பின்னால் வெட்டவெளியாகிவிட்ட தலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் மினாக்சிடிலும் அதைத் தடுக்கத்தான். உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் ஆபரேஷன் முடிந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். ஃபினாஸ்டரைடால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், சிலருக்கு மனம் சோர்வடையும். அப்படித் தெரிந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானமும் செய்யக் கூடாது. முகாமில் கேட்க மறந்துவிடுவார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவை மட்டும் குழப்பும். பி.ஆர்.பி, அதாவது உங்கள் ரத்தத்திலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது, சிலருக்கு உதவுகிறது. பேக்கேஜாக வாங்கியே ஆக வேண்டிய பொருள் இல்லை.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும், சராசரியாக இரண்டு. 2400 கிராஃப்ட் என்றால் ஐந்தாயிரத்தை ஒட்டிய முடி. இயற்கையான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 80ஐ ஒட்டி வேர்க்கொத்து இருக்கும், நடுகிறபோது 35, 40 வைப்பதே நல்ல நெருக்கம். அந்தப் பாதி அடர்த்தியே எதிரில் நிற்பவர் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். கல்லூரி போட்டோவில் இருந்த தலையோடு ஒப்பிட்டால் மட்டும் ஏமாற்றம்தான்.

கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம் என்றேன். பயப்பட வேண்டியவை வேறு. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழ், காய்ச்சல், குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது, நட்ட இடத்திலோ எடுத்த இடத்திலோ தோல் கறுத்துக் கெட்டியாவது. இவற்றில் ஒன்று வந்தாலும் போட்டோ அனுப்பிக் காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள். ராத்திரியானால் தென்காசியில் எந்த மருத்துவமனையானாலும் சரி. நெற்றி வீக்கம் கண் வரை இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவது, உங்களுக்கு அது முடிந்த கதை. மரத்துப்போனதும் ஊறலும் சில மாதம் இருக்கும், பரவாயில்லை. சிகரெட் பிடிப்பவராக இருந்தால் விட்டுவிட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. தோலுக்குப் போகும் ரத்தத்தை அது சுருக்குகிறது.

எட்டாவது மாதத்தில் கிளினிக்கிலிருந்து போன் வரலாம், இன்னொரு சிட்டிங் போட்டால் இன்னும் நெருக்கமாகும் என்று. பன்னிரண்டு மாதம் முடியாமல் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், பாதி முடி இன்னும் தடிமன் ஏறாத நேரத்தில் எந்த இடத்தில் குறை என்று யாருக்கும் தெரியாது. பின்தலையிலிருந்து ஆயுளுக்கும் எடுக்கக் கூடியது பெரும்பாலானவர்களுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிராஃப்ட்தான், நீங்கள் அதில் 2400 செலவழித்துவிட்டீர்கள். அடுத்த ஆனியில் ஃபோல்டரைத் திறந்து, முதல் நாள் படத்தையும் பன்னிரண்டாம் மாத நனைந்த தலைப் படத்தையும் பின்தலைப் படத்தையும் பிரிண்ட் போட்டு, டாக்டரை நேரில் பாருங்கள். இடையில் இருப்பவர்களிடம் பேச வேண்டாம்.